மெஷின அஞ்சரை பஸ்ல ஏத்திவிடுக்கா

தமிழ்வாணிக்கா, முகேஷ் பேசுறேன். கையெல்லாம் கிரீஸ், அதான் வாயால சொல்லி மெசேஜா அனுப்புறேன். தப்புத்தப்பா விழுந்தா நீயே கூட்டிப் படிச்சுக்க. அம்மாட்டயும் வாசிச்சுக் காட்டு.

ஞாயித்துக்கெழம எனக்குப் பேசிருக்கிற முத்துமீனா வீட்டு ஆளுக நம்ம வீடு பாக்க வந்தாங்கள்ல, அப்ப அம்மா, நான் தூங்கையில மூஞ்சில மாட்டுற மூச்சு மெஷினத் தூக்கிப் பருத்தி மூடைக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருச்சு. மாப்ள சீக்காளின்னு நெனச்சுருவாங்களாம். நானும் பஸ்ஸப் பிடிக்கிற அவசரத்துல எடுக்காம அவனியாபுரம் பட்டறைக்கு வந்துட்டேன். இன்னையோட அஞ்சு நாளு.

போன்ல சொன்னா, "வாயக் கட்டுடா, குறட்டை தன்னால நிக்கும்"ங்குது அம்மா. கட்டாமயா இருக்கேன்?

டாக்டர் சொன்னத அப்படியே சொல்றேன், கேளு. தூங்கையில தொண்ட அடைச்சு மூச்சு நிக்குது, ஒடம்பு பதறி முழிக்குது. மணிக்கு முப்பது தடவ. எனக்கே தெரியாது. இப்படித் தூக்கம் கெட்டா பசியக் கெளப்புற ஹார்மோன் ஏறிருமாம். போதும்னு சொல்ற ஹார்மோன் ஒடம்புக் கொழுப்புல இருந்துதான் வருதாம். எங்கிட்ட அது நெறையவே இருக்காம், மூளதான் காதுல வாங்க மாட்டேங்குதாம். கொழுப்பு கூடக்கூட தொண்டயும் இன்னும் அடைக்குமாம். மெஷின் போட்டா மட்டும் எடை கொறையாது, சாப்பாட்டயும் கொறைக்கணும்னுதான் சொன்னாரு. ஆனா தூங்குனாத்தானக்கா கொறைக்கிறதுக்குத் தெம்பு வரும்? மெஷின் இருந்தப்ப நாலு இட்லியோட எந்திரிச்சேன். இப்ப எட்டு தின்னுட்டும் கடைக்காரர் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்கேன். அம்புட்டு வெக்கமா இருக்கு.

நேத்து கேஸ் தீயில இரும்பு வெட்டுறப்பவே கண்ணு சொருகி, தீ தொடப் பக்கம் திரும்பிருச்சு. கூட வேல பாக்குற ராம்கி அண்ணேதான் ஓடியாந்து வால்வ மூடுனாரு. "மாப்ள, தொடைய வாட்டி யாருக்குடா கறி போடப் போற?"ன்னு சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே மிச்ச இரும்ப அவரே வெட்டுனாருக்கா. இன்னொரு தடவ தூங்குனா பட்டறப் பக்கமே வராதன்னுட்டாரு மொதலாளி.

இதையும் சொல்லிர்றேன், அம்மா திட்டும். மத்தியானம் முத்துமீனாவுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். மெஷின், மாஸ்க்கு, குறட்டை, எட்டு இட்லி வரைக்கும்.

"அந்த மெஷின் ரொம்ப சத்தம் போடுமா?"ன்னுச்சு.

"என் குறட்டையில பாதிகூட வராது."

சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டேன்.

"அப்ப மெஷினே இருக்கட்டும். நான் வெள்ளன கம்பெனி வேன் பிடிக்கணும், எனக்கும் தூக்கம் வேணும்ல. எங்க அப்பாட்ட நானே சொல்லிக்கிறேன்"னுச்சு.

இனி ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லக்கா. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சரை பஸ்ல நல்லகாமன் அண்ணேதான் கண்டக்டர். அவருட்ட குடுத்துவிடு, நான் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல நின்னு வாங்கிக்கிறேன். குழாய மடக்காத, மாஸ்க்க மறந்துறாத. அம்மா கூடவே அதிரசம் கட்டும். வேணாம்னா அழும். நாலு மட்டும் வைக்கச் சொல்லு. ரெண்டு ராம்கி அண்ணனுக்கு.