நடு நாற்காலி

மோசஸின் கேமரா சோப்புக்கட்டி அளவுகூட இருக்காது. மகன் ஜோயல் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன முதல் வருஷம் வாங்கி அனுப்பியது. மூக்குக்கண்ணாடிக் கூட்டோடு சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. பட்டனை அமுக்கினால் மூக்கை நீட்டும், மறுபடி அமுக்கினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைப் பார்த்து யாரும் மிரளமாட்டார்கள். பெரிய கேமராவைத் தூக்கினாலே மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைக்கிற ஆட்கள்கூட இதன் முன்னால் தாராளமாகப் பல்லைக் காட்டுவார்கள். செல்போனில் எடுத்தால் படம் புகைமூட்டமாக வந்த அந்தக் காலத்தில், அந்தக் குட்டிப் பெட்டி ராஜாதான்.

குறையும் நிறைய உண்டு. கண்ணை வைத்துப் பார்க்கத் துவாரம் கிடையாது, பின்பக்கத் திரையைத்தான் பார்க்க வேண்டும். வெயிலில் அந்தத் திரை ஒன்றும் தெரியாது, குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டும். பழக்கமில்லாதவன் பிடித்தால் விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் லென்ஸ்மேலேயே வைப்பான். இதெல்லாம் போகட்டும். பெரிய குறை வேறு. கூட்டமாக நிற்க வைத்து எடுத்தால், நடுவில் இருப்பவர்களை உள்ளது உள்ளபடி காட்டும். ஓரத்தில் நிற்கிறவனை மட்டும் பிடித்து இழுத்துவிடும். கன்னம் உப்பும், தலை பக்கவாட்டில் சரியும், நோஞ்சான்கூடப் பூசணிக்காய் ஆகிவிடுவான்.

மோசஸுக்கு இது நன்றாகத் தெரியும். ஏனென்றால் அந்த ஓரத்து ஆள் எப்போதும் அவர்தான்.

செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் பதிவறை எழுத்தர். எந்தத் துறை என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். கேமரா வந்ததிலிருந்து அங்கே ஸ்டுடியோக்காரரைக் கூப்பிடுவது நின்றுபோனது. ஆயுத பூஜையா, மாற்றலாகிப் போகிறவருக்கு விருந்தா, “மோசஸ், உன் டப்பாவை எடு” என்பார்கள். அவரும் எடுப்பார். கடைசியில் யாராவது பெரிய மனசு பண்ணி, “நீயும் வாய்யா” என்பார்கள். டைமரில் வைத்துவிட்டு ஓடி வருவார். அதற்குள் அத்தனை பேரும் அவரவர் இடத்தில் ஊன்றி நின்றிருப்பார்கள். ஓடி வருகிறவனுக்கு எந்த இடம் மிச்சமிருக்கும்?

பிரிண்ட் வந்ததும் கிண்டல் ஆரம்பிக்கும். “யோவ் மோசஸு, இன்னாய்யா மூஞ்சி இப்டி கீது? குளவி கொட்டிச்சா?” எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காமல் என்ன செய்வது? நாளைக்கும் அதே ஆபீஸுக்குத்தானே போக வேண்டும்.

ஜோயலிடம் போனில் ஒருமுறை கேட்டார். “சின்ன கேமரா நைனா. அத்தினி பேரயும் சின்ன லென்ஸுல அடைக்கணும்னா, ஓரத்துல கீறவன இழுத்துத்தான் ஆவும். நீ நடுவுல போய் நில்லேன்” என்றான் மகன். அவன் இருப்பது சிங்கப்பூரில். சொல்வது சுலபம்.

ஆனால் நடுவில் உட்கார ஒரு நாள் உண்டு. பணி ஓய்வு பெறும் நாள். அந்த ஆபீஸ் வழக்கப்படி அன்றைக்கு நடு நாற்காலி ஓய்வு பெறுகிறவருக்குத்தான். அதிகாரியே ஆனாலும் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். பெருக்குகிற காசியம்மாள் ஓய்வு பெற்றபோதுகூட அப்படித்தான் நடந்தது. நாற்காலி நுனியில், எழுந்துகொள்ளத் தயாராக, மாலையோடு உட்கார்ந்திருந்தார் காசியம்மாள். மோசஸ்தான் எடுத்தார். அந்த அம்மாவின் முகச் சுருக்கம், மூக்குத்தி, பயம், சந்தோஷம் எல்லாம் அப்படியே விழுந்திருந்தது. அன்றைக்கே மோசஸ் மனசுக்குள் தன்னுடைய படத்தையும் எடுத்துவிட்டார்.

அவர் மனைவி ஹெலனுக்கு இந்த ஆசை இன்னும் ஒரு படி அதிகம். வீட்டில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் சுவரில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்.

“செத்தப்புறம்தான் எல்லாம் மாலை போட்ட போட்டோ மாட்டுவாங்க. உசுரோட கீறப்ப மாலையோட ஒரு போட்டோ மாட்டணும். உன் மூஞ்சி உன் மூஞ்சியாட்டமே இருக்கணும், சொல்லிட்டேன்.”

“இருக்கும் இருக்கும். நடு சேரு” என்றார் மோசஸ்.

கிரகம் எங்கே இருந்து வந்தது என்றால், கண்காணிப்பாளர் வெங்கடராகவனும் அதே நாளில் ஓய்வு பெற்றார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார்கள் வாய்க்கு வந்த பிறந்த தேதியைப் போட்ட காலத்து ஆட்கள் இரண்டு பேரும். விழாவைப் பொறுப்பேற்று நடத்திய அருணகிரி, மோசஸுக்கு ஜூனியர், நல்ல பையன், தைரியம் சொன்னான்.

“ரெண்டு நடு சேர் போட்டுடலாம் அண்ணாத்த. ஒண்ணு சாருக்கு, ஒண்ணு உனக்கு. சாரோட மாப்பிள்ளை மாமல்லபுரத்துல ரிசார்ட்டு ஏற்பாடு பண்ணிட்டாரு. ஆபீஸ் ஆளுங்க மட்டும்தான். வூட்டுக்காரங்க யாரும் வாணாம்னு சார் சொல்லிட்டாரு.”

ஹெலனுக்கு முகம் விழுந்தது. ஆனாலும் போட்டோ வருமே என்று தேற்றிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க மோசஸ் அருணகிரிக்குக் கேமராவைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். விரலை இங்கே வைக்காதே, பாதி அமுக்கி நிறுத்து, அப்புறம் முழுசாக அமுக்கு, அமுக்கியதும் கையை எடுத்துவிடாதே, இது கொஞ்சம் தாமதமாகத்தான் எடுக்கும். அருணகிரி தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினான்.

ரிசார்ட் கடலைப் பார்த்த புல்வெளியில் இருந்தது. மோசஸ் பஸ்ஸில் போய் இறங்கியபோது வாசலில் வெங்கடராகவனின் மனைவி பெருந்தேவி பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தார். மகள் மேக்னா இருந்தாள், பேரன் அத்வைத் புல்லில் ஓடிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றால் மோசஸ் வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று அர்த்தம் போலிருக்கிறது. ஹெலன் அந்த நேரத்தில் வீட்டில் ஒற்றை ஆளாகச் சோறு வடித்துக்கொண்டிருப்பார். மோசஸ் பெருந்தேவிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார்.

மாலை போட்டார்கள். சாருக்கு ரோஜா, மோசஸுக்குச் சம்பங்கி. வெங்கடராகவன் நல்லபடியாகத்தான் பேசினார்.

“மோசஸ் இல்லேன்னா இந்த ஆபீஸுக்கு ஞாபக சக்தியே கிடையாது. எந்த ஃபைல் கேட்டாலும் கண்ணை மூடிண்டு எடுப்பான். எடுத்த இடத்துலயே வைப்பான். அவனை மாதிரி ஒருத்தன் கிடைக்கறது கஷ்டம்.”

கைதட்டினார்கள். ஒரே வயது, ஒரே நாளில் ஓய்வு, ஆனால் ஒருவர் சார், இன்னொருவர் அவன். மோசஸும் கைதட்டினார்.

சாப்பாடு முடிந்து போட்டோவுக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். அருணகிரி சொன்னபடி நடுவில் இரண்டு. வெங்கடராகவன் ஒன்றில் உட்கார்ந்தார். மோசஸ் மாலையைச் சரிசெய்துகொண்டு இன்னொன்றை நோக்கி நடந்தார். அதற்குள், “வாங்கோ மாமி, சார் பக்கத்துல உக்காருங்கோ” என்று யாரோ குரல் கொடுக்க, பெருந்தேவி வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த அத்தனை பேரும் கடலைப் பார்த்தார்கள். அடுத்த நாற்காலியில் மேக்னா, அதற்கடுத்ததில் அத்வைத். காலை ஆட்டிக்கொண்டிருந்த அந்தக் குழந்தைக்குக்கூட ஒரு நாற்காலி.

“சேர் இல்லியேண்ணா” என்றான் அருணகிரி, அவர் முகத்தைப் பார்க்காமல். “கொஞ்சம் அப்டி ஓரமா நில்லு. ஒரு செகண்டு வேலதானே.”

மோசஸ் ஓரமாக நின்றார். அருணகிரி அமுக்கினான். ஒரு வாரப் பாடமும் பறந்துவிட்டது. கேமராவை வாங்கித் திரைமேல் கையைக் குவித்துப் பார்த்தார் மோசஸ். அருணகிரியின் கட்டைவிரல் கொழுகொழுவென்று பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

வெங்கடராகவன் சிரித்தார். “மோசஸ், உன் கைராசி யாருக்கு வரும்? நீயே எடுத்துடு. எங்களுக்கு நன்னா ரெண்டு எடு, அப்புறம் நீயும் வந்து நின்னுக்கோ.”

தன்னுடைய பிரிவு உபசார விழாவைத் தானே படம் எடுத்தார் மோசஸ். குனியும்போது சம்பங்கி மாலை கேமராவின்மேல் விழுந்தது. அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு படம் எடுத்தார். நன்றாகத்தான் எடுத்தார். வஞ்சனை பண்ண அவருக்குக் கை வராது. அதுவரைக்கும் வரவில்லை.

பிறகு டைமர். சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டு, டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் கேமராவை வைத்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து வெயில் திரையில் விழுந்தது. ஒன்றும் தெரியவில்லை. தெரியத் தேவையும் இல்லை. எந்தக் கோணத்தில் வைத்தால் யார் எங்கே விழுவார்கள் என்பது இத்தனை வருஷத்தில் அவர் கைக்கு அத்துப்படி. நடு நாற்காலியைக் குறிபார்த்து வைத்தார். பிறகு, தனக்கென்று விட்டிருந்த அந்த ஓரத்து இடத்தைப் பார்த்தார். ஹெலன் சுவரில் ஒதுக்கி வைத்திருந்த இடமும் ஞாபகம் வந்தது.

நடு எது என்று கேமராவுக்குத் தெரியுமா? அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் நடு.

டம்ளர்மேல் கேமராவை மெல்லத் திருப்பினார். அந்த வெற்றிடத்துக்கு நேராக நிறுத்தினார். இனி ஓரத்துக்குப் போகிறவர் சார். கன்னம் உப்பட்டும், தலை சரியட்டும். ஒரு படத்தில், ஒரே ஒரு படத்தில், அவருக்கும் குளவி கொட்டட்டும். பட்டனை அமுக்கிவிட்டு மோசஸ் ஓடினார். மாலை இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது. ஓடிப்போய் நேராக நின்று, நெஞ்சை நிமிர்த்தி லென்ஸைப் பார்த்தார். சிவப்பு விளக்கு படபடவென்று மின்னி அணைந்தது.

“சரியா வந்துதா?” என்றார் வெங்கடராகவன்.

“வெயில்ல தெரியல சார். வந்திருக்கும்.”

மறுநாள் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் தனகோடியின் பிரிண்ட் கடைக்குப் போனார். சாருக்கு உரிய இரண்டு படங்களையும் பெரிய அளவில் போடச் சொன்னார். அவற்றில் மோசஸ் இல்லை. எடுத்தவன் எப்படி இருப்பான்? அருணகிரி காலையிலேயே போன் பண்ணி, சார் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று சொல்லியிருந்தான்.

பிறகு மூன்றாவதைத் திறக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் திரை முழுக்க விரிந்தது.

நடுவில் மோசஸ். அவர் முகம் அவர் முகமாகவே இருந்தது. கன்னம் கன்னமாக, நெற்றித் தழும்பு நெற்றியில், சம்பங்கி மாலை கழுத்தில். இடது கோடியில் வெங்கடராகவன் பாதிதான் விழுந்திருந்தார், அதுவும் பரந்து, சரிந்து, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. அதைப் பார்த்தால் சிரிப்பு வரும் என்று நேற்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்திருந்தார். வரவில்லை. ஏனென்றால் அவர் கண் அதற்குள் வலது பக்கம் போய்விட்டது.

ஓரத்தில் நிற்கிறவனை நடுவாக வைத்து எடுத்தால், அவனுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்? ஆட்கள் இருக்க மாட்டார்கள். புல்தரை இருந்தது, குரோட்டன்ஸ் செடி இருந்தது. அந்தச் செடியை ஒட்டி, அவர் தோளுக்குக் கொஞ்சம் பின்னால், வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றின்மேல் ஒன்றாக, அவர் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தது. கை நீட்டினால் எட்டுகிற தூரம்.

“அண்ணாத்த, இந்தப் பக்கம் சேருங்க அசிங்கமா கீது. வெட்டிறவா? நீட்டா வரும்” என்றான் தனகோடி. பதிலுக்குக் காத்திருக்காமல் மவுஸை இழுத்து வெட்டியும் காட்டினான். நாற்காலிகள் போயின. மோசஸ் மறுபடியும் ஓரத்தில் நின்றார்.

“வாணாம்பா. இருந்தமேனிக்கே போடு.”

“அது கோணலா இருக்கும் அண்ணாத்த.”

“இருக்கட்டும்னு சொல்றேன்ல!” கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டார். அவர் கத்தி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

சட்டம் போட்ட படத்தை ஹெலன் மடியில் வைத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

“உன் மூஞ்சியேதான்” என்றார். குரல் இளகியிருந்தது. “கல்யாணத்துல பாத்த மாதிரியே கீற.” விரல் அவர் முகத்திலிருந்து மாலைக்கு வந்தது, மாலையிலிருந்து வலது பக்கம் நகர்ந்து நின்றது. “இது இன்னாது?”

“சேரு.”

“இம்மாஞ் சேர் சும்மா கெடக்குது. நீ ஏன் நின்னுகினு கீற?”

“சேர் இல்லன்னாங்க.”

“அவுங்க சொல்லுவாங்க. நீ திரும்பிப் பாத்து ஒண்ண இழுத்துப் போட்டு உக்காந்திருக்கலாமில்ல?”

மோசஸ் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றவே இல்லை? கேமராவைத் திருப்பத் தெரிந்தது, கழுத்தைத் திருப்பத் தெரியவில்லை. மோசஸ் ஆணியை அடித்துப் படத்தை மாட்டினார், நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். நேராகத்தான் இருந்தது. உப்பாமல், சரியாமல், உள்ளது உள்ளபடி விழுந்திருந்தது அந்த முகம். சேர் இல்லை என்று சொன்னால் நம்பிவிடுகிற முகம்.