பதினோரு நொடி

இல்லை, கம்ப்யூட்டரின் மெமரியாகத்தான் இருக்க வேண்டும், வேறு எதுவாக இருக்க முடியும், ரிப்போர்ட் எண்ணைத் தட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் வர வேண்டியது பதினோரு நொடி எடுக்கிறதென்றால்... பதினொன்றா பன்னிரண்டா, காலையில் கவுண்டரில் நின்று கைக்கடிகாரத்தை வைத்து ஒன்பது முறை பார்த்தேன், ஏழு முறை பதினொன்று, இரண்டு முறை பன்னிரண்டு, அந்த இரண்டில் ஒரு முறை நான் கவனம் பிசகியிருக்கலாம், ஆகவே பதினொன்று என்றே டைரியில் எழுதி பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். இப்போது வரிசை வாசற்படியைத் தாண்டிவிட்டது. காலையில் எங்கள் லேபில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்கள், முடிவு என்னவோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள், அவர்களுக்கு ஒவ்வொரு நொடியும்... கவுண்டர்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒலிபெருக்கி, அவர் அங்கிருந்தே கத்துகிறார், "உள்ள இருக்கற மேதைங்களா, இங்க ஒருத்தர் சர்க்கரை நூத்தி இருபதுல வந்தாரு, நின்னு நின்னே நூத்தி நாப்பது ஆயிடுச்சு!" வரிசையில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி மூன்று ஐம்பது. ஐந்து மணிக்குள் மேனேஜருக்கு ஆதாரத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆதாரம்... அதை நானாகத்தான் இழுத்துவிட்டுக்கொண்டேன். நேற்று அவர் அறைக்குக் கூப்பிட்டு "எதனாலம்மா இப்படி?" என்றார், "தெரியல சார், பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம், ஆனால் வாய் சும்மா இருந்ததா, "அக்கா வியாழக்கிழமை போட்ட புது ரிப்போர்ட் தேடல் ப்ரோகிராம்தான் சார், மெமரிய முழுசா பிடிச்சுக்குதுன்னு நெனக்கறேன்" என்றது. நினைக்கிறேன் என்றுதானே சொன்னேன், அந்தக் கடைசிச் சொல் அவர் காதில் விழுந்த மாதிரியே இல்லை. அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, இரண்டடி தள்ளி அடுத்த நாற்காலியில் இருப்பவள், என்னைவிட ஆறு வயது மூத்தவள், ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொல்லி வேலைக்கு எடுக்கப்பட்டவள், அந்த ஆறு மாதம் இன்றோடு முடிகிறது. வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று மேனேஜர் ஐந்து மணிக்குச் சொல்வார், நான் எழுதிக் கொடுப்பதைப் படித்துவிட்டுச் சொல்வார். தன் தேடல்மேல் சந்தேகம் என்று அவளுக்குத் தெரியும், கிளப்பியது நான் என்று தெரியாது, இல்லை தெரியுமோ... மத்தியானம் சாப்பிடும்போது தினமும் தன் டப்பாவை என் பக்கம் தள்ளுவாள், இன்று தள்ளவில்லை. மறந்திருக்கலாம். அவள் இருக்கிற நிலைமையில் யாருக்கு டப்பா ஞாபகம் வரும்.

சரி, முறையாகப் போவோம். ஊகிக்காதே, எண்ணிப் பார், நான் போகிற மாலை கம்ப்யூட்டர் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறார்கள். முதலில் பேஜ் ஃபால்ட். ஒரு ப்ரோகிராம் தனக்கு வேண்டிய பக்கத்தை மெமரியில் தேடும், அங்கே இல்லாவிட்டால் டிஸ்க்கிலிருந்து வந்து சேரும்வரை கைகட்டி நிற்க வேண்டும், மெமரி போதாதபோது இப்படி நிற்பது ஆயிரக்கணக்கில் ஏறும். கட்டளையைத் தட்டினேன்... டிஸ்க்வரை போனவை, நான்கு. நாலாயிரம் இல்லை, நான்கு. வேறு ப்ரோகிராமின் எண்ணைக் கொடுத்துவிட்டேனோ என்று சரிபார்த்து மறுபடி தட்டினேன், நான்கேதான். மெமரியில் பாதி காலியாகக் கிடக்கிறது. அப்படியானால் நேற்று நான் சொன்னது... "ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொல்லவே உனக்கு ரெண்டு சாட்சி வேணும்" என்று தம்பி கேலி செய்வான், அப்படிப்பட்டவள் இன்னொருத்தியின் வேலை விஷயத்தில் மட்டும் ஒரு சாட்சியும் இல்லாமல் எப்படி வாயைத் திறந்தேன்? இருக்கட்டும், மெமரி இல்லையென்றால் அவள் தேடல் வேறு ஏதோ செய்கிறது, ஒரே கோப்பை நூறு தடவை திறந்து மூடுகிறதோ என்னவோ. ப்ரோகிராம் தானாக ஒரு கோப்பைக்கூடத் திறந்துவிட முடியாது, எல்லாவற்றுக்கும் சிஸ்டத்தின் உள்மையமான கர்னலிடம் போய்க் கேட்க வேண்டும், அப்படிக் கேட்பதுதான் சிஸ்டம் கால், ஸ்ட்ரேஸ் என்கிற கருவியை ப்ரோகிராமோடு ஒட்டவைத்துவிட்டால் அது கேட்கிற அத்தனையையும் வரிவரியாகக் காட்டிக் கொடுத்துவிடும். போன வாரம்தான் படித்தோம், நோட்டில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்.

"என்னடி, எதாவது கெடைச்சுதா?" என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாத்துட்டிருக்கேன்க்கா." "நானும் ரெண்டு வாட்டி நிறுத்தி ஓட்டிப் பாத்துட்டேன், பேய் புடிச்ச மாதிரி அப்படியேதான் இருக்கு. வீட்ல அவரு நேத்து கேக்கறாரு, தூக்கத்துல இண்டெக்ஸ் இண்டெக்ஸ்னு பொலம்பறியே, யாரு அந்த ஆளுன்னு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஸ்ட்ரேஸ் கட்டளையைத் தட்டினேன். அனுமதி இல்லை என்றது. மறுபடி, அனுமதி இல்லை. நிர்வாகி உரிமையோடு தட்டுகிறேன், எனக்கு ஏது அனுமதி இல்லாமல் போகும்... நோட்டைப் புரட்டினேன், மூன்றாம் பக்கத்து அடியில் என் பொடிக் கையெழுத்து, ஒரு ப்ரோகிராமோடு ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஒட்ட முடியும், ஏற்கெனவே யாராவது ஒட்டியிருந்தால் அடுத்தவருக்கு அனுமதி கிடையாது. அப்படியானால் ஏற்கெனவே யாரோ ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அக்காதான் என்று தோன்றியது, உடனே தோன்றியது, ஒருவிதமாக... சந்தோஷமாகவே தோன்றியது. ஒட்டியிருப்பவரின் எண்ணை எடுத்து, அது யாருடையது, எப்போது தொடங்கியது என்று கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது. என் பயனர் பெயர். வியாழக்கிழமை, மாலை நான்கு ஐம்பத்திரண்டு.

வீட்டுப்பாடம். வேலை செய்யும் இடத்தில் ஏதாவது ஒரு ப்ரோகிராமோடு ஸ்ட்ரேஸை ஒட்டி, வருவதைக் கோப்பில் சேகரித்து வா என்றார்கள். அதே வாரம் இன்னொரு பாடம், திரையை மூடிவிட்டுப் போனாலும் ஒரு கட்டளை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கச் செய்வது எப்படி. நான் கெட்டிக்காரி அல்லவா, இரண்டையும் சேர்த்துச் செய்தேன், ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடலாம் என்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, திரையை மூடினேன், அது படித்தபடியே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு நாளாக. தேடலை எழுப்பிவிடுகிற தாய் ப்ரோகிராமையே பிடித்திருக்கிறேன், பிள்ளைகளையும் பின்தொடர் என்றும் சொல்லியிருக்கிறேன், அக்கா எத்தனை முறை நிறுத்தி ஓட்டினாலும் புதிதாகப் பிறப்பதன் கழுத்தையும் போய்ப் பிடித்திருக்கிறது. அது ஒவ்வொரு முறை கர்னலிடம் போகும்போதும் நிறுத்தி, நான் எழுதிக்கொள்கிறேன் இரு, இப்போது போ, மறுபடி நிறுத்தி... ஒன்பது ஜிபி எழுதியிருக்கிறது, என் ஃபோல்டரில். டைரியில் சந்தேகங்களை எண் போட்டு எழுதியிருந்தேனே, ஒன்று டிஸ்க், இரண்டு நெட்வொர்க், மூன்றிலிருந்து ஏழுவரை அக்கா. என்னுடைய ஃபோல்டரை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால்... ஆறு நாளில் ஒருமுறைகூடவா? ஆனால் இப்போது முதலில் எழுந்த எண்ணம் அதுகூட இல்லை, யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுதான். அக்காவின் திரை அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. நிறுத்தினால் தடயமே இருக்காது, கோப்பையும் அழித்துவிட்டால்... விரல் தானாகவே நிறுத்தும் கட்டளையைத் தட்டிவிட்டது. கோப்பை அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை என்று கேட்டால், நேர்மை என்று சொல்ல ஆசைதான், அதற்குள் கவுண்டரிலிருந்து சத்தம் வந்துவிட்டது.

"அடேங்கப்பா! தட்டறதுக்கு முன்னாடியே வருதே! யாரு கைய வச்சது? நம்ம தங்கச்சியா?" வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அக்கா நாற்காலியோடு திரும்பினாள், "என்னடி பண்ணே?" என்றாள், நான் பதில் சொல்வதற்குள், குரலைத் தாழ்த்தி, "என்னோடதுலதான் இருந்துச்சா?" என்றாள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். "ஒரு நிமிஷம்க்கா, சார்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்" என்று எழுந்துவிட்டேன். அவளிடம் முதலில் சொன்னால் என்ன, மேனேஜர் திட்டினால் திட்டட்டும், அதைத் தாங்கலாம், இவள் முகத்தை... எட்டு அடி நடைக்கூடம், உண்மையைச் சொல்லப் போகிறேன், முழுசாகச் சொல்லப் போகிறேன், என்னை அனுப்பினாலும் பரவாயில்லை, பரவாயில்லையா? கதவைத் தட்டினேன். "வாம்மா, சரி பண்ணிட்டியாமே?" என்றார். "சார், தப்பு என் பேர்லதான் சார்" என்று தொடங்கினேன். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும், வீட்டுப்பாடம், பஸ், ஒன்பது ஜிபி. சொல்லச் சொல்ல அவர் முகம் இளகுவது தெரிந்தது, அது இளக இளக என் குரலும் மாறியது, "பேய ஓட்ட மந்திரவாதிய கூப்புட்டா, மந்திரவாதியேதான் பேய் சார்" என்று நானே ஒரு போடு போட்டேன், அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார், நானும் சிரித்தேன், ஆறு நாள் பாரம் இறங்குகிற மாதிரி சிரித்தேன். "படிக்கற பொண்ணு, ஆர்வக்கோளாறு. போம்மா, இனிமே கேட்டுட்டுச் செய். அவங்கள வரச் சொல்லு."

வரச் சொல்லத் தேவையிருக்கவில்லை. பாதி திறந்த கதவுக்கு வெளியே அக்கா நின்றுகொண்டிருந்தாள், கையில் தன் ஆறு மாத வேலைக் கோப்பு, எதிலிருந்து கேட்டாள், எதுவரை கேட்டாள், தெரியவில்லை, சிரிப்பைக் கட்டாயம் கேட்டிருப்பாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. "தள்ளிக்கறியா" என்றாள், எப்போதும் போடுகிற 'டி' இல்லாமல். தள்ளிக்கொண்டேன். கதவு மூடியது. அப்போதுதான்... என் தப்பு என்று சொன்னேன், எப்படி நடந்தது என்று சொன்னேன், ஒரு இடம் விடவில்லை, ஆனால் அக்காவின் தேடலில் ஒரு குறையும் இல்லை சார், நேற்று நான் சொன்னது பொய் சார் என்கிற அந்த ஒரு வரி, அது என் கதையில் எங்கேயும் வரவில்லை, அவரும் கேட்கவில்லை. அவராகப் புரிந்துகொண்டிருப்பாரா, புரியாமல் என்ன, என் தப்பு என்றால் அவள் தப்பில்லை என்றுதானே... உள்ளே அவர் குரல் கேட்கிறது, சொற்கள் கேட்கவில்லை. சிரிப்பும் இல்லை. கதவு கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, கை ஏன் இன்னும் பக்கவாட்டிலேயே தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.