டீச்சர் போட்ட சைபர்

மருமகளுக்குப் பாஸ்போர்ட் படம் எடுப்பதுதான் பிழைப்பு. "கொஞ்சம் நிமிருங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே பதினான்கு வருடமாக ஊரார் சிரிப்பையெல்லாம் அடக்கி வைத்திருந்தாள். மிச்ச நேரத்தில் தனக்காக எடுத்த படங்களில் பன்னிரண்டை ஒரு கேலரியில் மாட்ட இடம் கிடைத்தபோது அவளால் நம்பவே முடியவில்லை. கேலரி நடத்தும் மேடம் சிரித்த முகத்தோடு ஒரு நிபந்தனையும் போட்டார்.

"தொடக்க நாளன்னிக்கு ஒரு படமாவது விக்கணும்மா. இல்லன்னா அடுத்த வருஷம் இந்தச் சுவரை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

விலை போடுவதற்கும் மேடமிடம் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பத்தே பத்துப் பிரதிகள். பதினொன்றாவது கிடையவே கிடையாது. படத்துக்குக் கீழே இருக்கும் வெள்ளை ஓரத்தில் பென்சிலால் எண் எழுத வேண்டும். முதல் பிரதி என்றால் 1/10, அடுத்தது 2/10. முதல் பிரதி மலிவு. விற்க விற்க விலை ஏறும். கடைசிப் பிரதியான 10/10 வரும்போது மூன்று மடங்கு ஆகியிருக்கும்.

"படத்தை யாரு வேணா காப்பி எடுத்துக்கலாம். நாம விக்கிறது அந்த நம்பரைத்தான். அதுல ஒரு பொய் வந்துச்சுன்னா கடைய இழுத்து மூடிட வேண்டியதுதான்" என்பார் மேடம்.

இப்போதைக்கு முதல் பிரதிகள் போதும், மற்றவற்றை விற்கும்போது அச்சடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. மருமகள் பன்னிரண்டு படங்களிலும் 1/10 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தாள். "பத்து மணிக்கு ஃபிரேம் கடைக்காரர் வருவாரு, கொடுத்துடுங்க அத்தை" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு ஸ்டுடியோவுக்கு ஓடினாள். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

மாமியார் முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவர் பெயர் டீச்சர்தான். பெற்ற மகனே அப்படித்தான் கூப்பிடுகிறான். அத்தனை வருடத்தில் அவர் ஒருவருக்கும் பத்துக்குப் பத்து போட்டதில்லை. விடை சரியாக இருந்தால் கோடு கோணல் என்பார், கோடு நேராக இருந்தால் மை சிந்தியிருக்கிறது என்பார், எப்படியும் அரை மார்க்கைப் பிடுங்கிவிடுவார். அவர் வகுப்பில் படித்த மகன் ஒன்பதரையைத் தாண்டியதே இல்லை. நாற்பத்திரண்டு வயதாகியும் அவனுக்கு அந்த வருத்தம் தீரவில்லை.

தொடக்க நாள் மாலை. வெள்ளைச் சுவர்கள், நடந்தால் முனகும் மரத்தரை, கையில் ஆளுக்கொரு ஜூஸ் டம்ளர். வந்தவர்கள் படத்தைப் பார்த்ததைவிட ஒருவரையொருவர் பார்த்ததுதான் அதிகம். மருமகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒருவர் மட்டும் ஒரே படத்தின் முன்னால் கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் ஒரு பல் டாக்டர்.

அது மழை நாளில் எடுத்த படம். ஒரு குடியிருப்பின் மாடிப்படிகள். ஒவ்வொரு திருப்பத்திலும் விரித்துக் காயப்போட்ட குடை. நடுவில் ஒரு குடையின் கீழே, வாடகை கொடுத்து இருப்பதுபோல ஒரு பூனை படுத்திருக்கும்.

டாக்டர் அவளைப் பார்த்ததும் பரபரத்தார். "இதுதான் கடைசியாம்மா? ஒன்பது பேர் முந்திக்கிட்டாங்களா? இதை நான் விடமாட்டேன். மூணு மடங்குதானே, கொடுத்துடறேன்."

மருமகள் குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்கு அடியில் 10/10 என்று இருந்தது. அவள் எழுதிய ஒன்றுக்குப் பக்கத்தில், காம்பஸ் வைத்துப் போட்டதுபோல அழகான ஒரு சைபர். அடுத்த படத்துக்கு ஓடினாள். அங்கும் 10/10. பன்னிரண்டிலும் அப்படியே. மாட்டும்போது மேலே கோணலா நேரா என்று பார்த்தவள் கீழே பார்க்கவில்லை.

மேடம் அவளைப் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்க?"

"சத்தியமா நான் ஒண்ணுதான் போட்டேன் மேடம்!"

"நான்தான் சைபர் சேர்த்தேன்" என்றது வாசலில் ஒரு குரல். டீச்சர்தான். பின்னால் மகன். "எவனோ ஒருத்தன் உனக்கு எல்லாத்துக்கும் பத்துக்கு ஒண்ணு போட்டிருந்தான். பன்னெண்டு படம், பன்னெண்டுலயும் ஒண்ணு! நீ ராத்திரி பகலா கிடந்து செஞ்சதுக்கு ஒண்ணா? எனக்கு வயிறு எரிஞ்சுது. பென்சிலை எடுத்துட்டேன்."

மருமகளுக்கு மாமியாரைக் கட்டிக்கொள்வதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. விஷயத்தை விளக்கியதும் டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் மகனுக்கு மூளை வேகமாக ஓடியது.

"இதுல என்ன இருக்கு? மீதி ஒன்பதை அச்சடிக்கவே வேணாம். அப்ப இதுதானே கடைசி? பொய்யே இல்லையே!"

மேடம் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் ஒரு நிமிடம் ஆடித்தான் போனாள். வெளியே பணத்தோடு ஒரு மனிதர், அவர் கையில் அடுத்த வருடத்துச் சுவர். நடுவில் இருப்பது ஒரு சைபர்.

"வேணாங்க" என்றாள் கடைசியில். "அவரு கடைசின்னு மட்டும் வாங்கல. ஒன்பது பேருக்குப் பிடிச்சிருக்குன்னு நம்பி வாங்கறாரு. அந்த ஒன்பது பேருக்கு நான் எங்க போறது?"

நேராக டாக்டரிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். டாக்டர் அறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அத்தனை பல்லும் தெரிந்தது. அவர் தொழிலுக்கு அது விளம்பரம்தான். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

"அப்ப இதை யாருமே இன்னும் வாங்கல?"

"யாருமே வாங்கல சார்."

டாக்டரின் முகத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்தது. டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க எதை வெச்சு இதுக்குப் பத்து போட்டீங்க?"

டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. "எதை வெச்சும் இல்ல. நான் படத்தையே பாக்கல. கோவத்துல போட்டது. பேப்பரைப் பாக்காம மார்க் போட்டது என் வாழ்க்கையில இதான் முதல் தடவை. எனக்கே அசிங்கமா இருக்கு."

சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் படத்துக்குப் போனார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினார். "இது ஏழு. ஓரத்துல அந்தக் கை எதுக்கு? இது ஆறரை. இது எட்டு." மருமகள் பின்னாலேயே போனாள்.

டாக்டர் மறுபடி குடைகளின் முன்னால் போய் நின்றார். இந்த முறை கீழே எண்ணைப் பார்க்கவில்லை. பூனையைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார். டீச்சர் ஒன்பது படம் முடித்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நிற்கும்வரை பார்த்தார்.

"ஒன்பது பேர் இல்லாட்டி போறாங்க. நான் முதல் ஆளா இருந்துட்டுப் போறேன்" என்றார். "முதல் பிரதி, முதல் விலை. சரிதானே?"

"சரி சார்" என்றாள் மருமகள். மேடம் பில் எழுதப் பேனாவைத் திறந்துகொண்டே, "அடுத்த வருஷம் ரெண்டு சுவர் வேணும்னு கேக்காதே" என்றார்.

தொடக்கத்துக்கு வந்திருந்த ஃபிரேம் கடைக்காரர் படத்தை மேசையில் கவிழ்த்துப் பின்பக்கத்தைக் கழற்றினார். டீச்சர் கைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து, தான் போட்ட சைபரைத் தானே சுவடில்லாமல் அழித்தார். 1/10. ஊதி, தூசியைத் தட்டினார். மற்ற பதினொன்றையும் காலையில் வந்து அழித்துத் தருவதாகச் சொன்னார். கடைக்காரர் மறுபடி மூடி ஆணி அடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு பைக்குள் கைவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"பின்னால எழுதினா விலை ஏறுமா?" என்று மேடமைக் கேட்டார்.

"பின்னால என்ன வேணா எழுதுங்க. அதுக்கு விலை கிடையாது."

டீச்சர் பின்பலகையில் நிதானமாக எழுதினார். மகன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அலறினான். "டீச்சர்! எனக்கு ஒன்பதரைதானே போட்ட?"

"உன் கோடு கோணல்ப்பா."

மருமகளுக்குக் கண் நிறைந்து எழுத்தே தெரியவில்லை. சிவப்பாக இருந்தது, இரண்டு பக்கமும் சைபர் இருந்தது, அது மட்டும்தான் தெரிந்தது.

டீச்சர் பேனாவை மூடிவிட்டு டாக்டரைப் பார்த்தார். "இது பாத்துட்டுப் போட்டது. அழிக்கக் கூடாது."