உகாதி வண்டியும் சித்திரை வண்டியும்

திருப்பதியில், ரேணிகுண்டா சாலையிலிருந்த அந்தக் கார் ஷோரூமின் பின்பக்க யார்டில் ஒன்பது ஹைப்ரிட் கார்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்பதும் விற்றுப்போனவை. அது போதாதென்று, ‘என் வண்டி எப்போ வரும்’ என்று இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் தினமும் போன் போட்டுத் தாட்சாயணியின் காதைப் புண்ணாக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி இருக்கிறது, வாங்குவதற்கு ஆள் இருக்கிறது, ஆனாலும் ஒரு வாரத்துக்கு மேலாக ஒரு வண்டிகூடக் கேட்டைத் தாண்டவில்லை. ஹைப்ரிட் விற்பனையைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். இந்த முடிச்சை எந்தப் பக்கம் பிடித்து இழுத்தாலும் இன்னும் இறுகியதே தவிர அவிழவில்லை.

நிற்பதற்குக் காரணம் தெரியாமல் இல்லை. தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாட மாதம் பிறந்துவிட்டது. அந்த மாதத்தில் புது வண்டியின் சாவியைத் தொடமாட்டார்கள். ஒன்பது வண்டிகளும் ஆஷாடம் முடியட்டும் என்று காத்துக்கிடந்தன. பெட்ரோல் வண்டி என்றால் இந்தத் தொல்லை இல்லை. அது எப்போதும் யார்டில் இருக்கும், வேண்டியவர் வேண்டிய நாளில் வந்து எடுத்துக்கொள்வார். ஹைப்ரிட் அப்படி இல்லை. பதிவு செய்து மூன்று மாதம் கழித்துத்தான் வரும். வருகிற வண்டியைக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பதிவு வரிசைப்படி இன்னாருக்கு இன்ன வண்டி என்று பெயர் போட்டே அனுப்பிவிடும்.

இதையெல்லாம் திங்கட்கிழமை காலை அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, வாடிக்கையாளர்கள் உட்காரும் இடத்திலிருந்த டிவியில் அவளுடைய யார்டே வந்தது. பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியிலிருந்து எடுத்த படம். கீழே சிவப்புப் பட்டையில், ‘ஹைப்ரிட் மோகம் முடிந்தது! திருப்பதியில் தேங்கிக் கிடக்கும் கார்கள்!’ என்று ஓடியது. தமிழ் சேனல் ஒன்றுக்குச் சித்தூர், திருப்பதி இரண்டு பக்கமும் செய்தி கொடுக்கும் ஜெயபிரகாஷ் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “இந்த மாசம் ஆர்டிஓவில் ஒரு ஹைப்ரிட் கார் கூடப் பதிவாகவில்லை” என்று சாவு வீட்டில் பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தாட்சாயணி போனை எடுத்தாள். “ஜெயபிரகாஷு, என்னாடா இது? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாது?”

“யக்கா, ஆர்டிஓ கணக்கு முட்டைன்னு சொல்லுது. யார்டுல வண்டி நிக்குது. இன்னும் இன்னா கேக்கணும்?”

அவள் மூச்சை இழுத்துவிட்டு, பொறுமையாக ஆரம்பித்தாள். கார் விற்பனையில் மூன்று கணக்கு உண்டு. ஆள் வந்து முன்பணம் கட்டினால் அது பதிவு, அதாவது புக்கிங். ஃபேக்டரியிலிருந்து வண்டி லாரி ஏறினால் அதைக் கம்பெனி தன் விற்பனை என்று எழுதிக்கொள்ளும். வண்டிக்கு நம்பர் வாங்கும்போதுதான் ஆர்டிஓவின் கணக்கில் ஏறும். எத்தனை பேருக்கு ஆசை இருக்கிறது என்பதை முதல் கணக்குதான் சொல்லும். மூன்றாவது கணக்கு, எத்தனை பேர் கையில் சாவி போயிற்று என்பதை மட்டும் சொல்லும்.

“புரியிற மாதிரி சொல்றேன் கேளு. மலை மேல லட்டு கவுன்டர மூடி வெச்சிட்டு, ஜனம் க்யூவுல நின்னுக்கினு இருக்கும்போது, இன்னிக்கி ஒருத்தனும் லட்டு வாங்கலன்னு நியூஸ் போடுவியா?”

“ஐயோ, லட்டு வாணாங்க்கா, வேற பஞ்சாயத்தாயிடும். ஒண்ணு பண்ணு. நா கேமராவோட வரேன். முப்பது செகண்டுல சொல்லு.”

வந்தான். அவள் முப்பது செகண்டில் சொல்லவில்லை. ஏழெட்டு நிமிஷம், படம் போட்டுக் காட்டாத குறையாகச் சொன்னாள். அவனும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். சாயங்காலச் செய்தியில் அத்தனையும் போய், ‘ஆமா, வண்டி நிக்கிறது நெசம்தான்’ என்ற ஒரே ஒரு வரி மட்டும் அவள் வாயிலிருந்து வந்தது. அதற்குப் பின்னணியில் சோக இசை வேறு. தாட்சாயணிக்கு அழுவதா, டிவியைக் கழற்றி வெளியே வைப்பதா என்று தெரியவில்லை.

மறுநாள் முழுக்க அதற்குப் பதில் சொல்லியே தொண்டை கட்டியது. காத்திருந்தவர்களில் இரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஒருவர், “பேட்டரி செத்துப்போவுதாமே, அதான் எவனும் வாங்கலையாமே” என்றார். அப்படி டிவியில்கூட யாரும் சொல்லவில்லை, அவராகவே சேர்த்துக்கொண்டது. அவருக்கும் அவள் சலிக்காமல் விளக்கினாள்: மற்ற வண்டியில் பிரேக் மிதித்தால் ஓடுகிற வேகம் சூடாகி வீணாய்ப் போகும். இதில் அந்த வேகத்தை மோட்டார் பிடித்து மின்சாரமாக்கிப் பேட்டரியில் போட்டுவிடும். திருமலையிலிருந்து கீழே இறங்கும்போது கொஞ்ச தூரத்துக்குள்ளேயே பேட்டரி வேண்டிய அளவுக்கு ஏறிவிடும். பிறகு ஊருக்குள், சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்து போகும்போது இன்ஜினை நிறுத்திவிட்டு அந்த மின்சாரத்திலேயே போகும். “செத்துப்போவுறதுக்கு அது என்னா செல்போனா சார்? அடிமட்டம் வரைக்கும் தீரவே விடாது, முழுசா நெரம்பவும் விடாது. நடுவுலயே வெச்சிக்கும். அதனாலதான் ரொம்ப வருஷம் வரும்.” அவர், “எதுக்கும் டிவில இன்னா சொல்றான்னு பாத்துட்டு வரேம்மா” என்று எழுந்து போனார்.

அன்று மத்தியானம் சென்னை மண்டல அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மேனேஜர் ஹரிபாபு ஸ்பீக்கரில் போட்டார். செய்தியை மேலிடத்தில் பார்த்துவிட்டார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் யார்டிலிருந்து வண்டிகள் நகர ஆரம்பிக்காவிட்டால், அடுத்த லாரியை வேலூருக்குத் திருப்பிவிடுவார்கள். திருப்பதியில் ஹைப்ரிட்டுக்குத் தனி ஆள் தேவையில்லை. தாட்சாயணியை விஜயவாடாவுக்கு மாற்றிவிடலாம்.

போன் வைக்கப்பட்டதும் ஹரிபாபு அவள் முகத்தைப் பார்க்காமல் பேனாவைத் திறந்து மூடினார். அவள் வீடு புத்தூரில். புருஷன் ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். மகள் எட்டாம் வகுப்பு. விஜயவாடா என்றால் குடும்பம் மூன்று துண்டு.

“ஏம் செய்யமண்டாவம்மா, என்ன பண்ணச் சொல்ற?” என்றார் ஹரிபாபு. தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பது அவர் வழக்கம். “ஆஷாடத்துல எவன் வண்டி எடுப்பான்? நானே எடுக்கமாட்டேன். நீங்க எடுப்பீங்களா? ஆடி கதா, ஆடிதானே உங்களுக்கும்?”

புதன்கிழமை காலையில் வடமாலபேட்டையிலிருந்து கோவர்த்தனன் வந்தார். கரும்பும் மாந்தோப்பும் வைத்திருந்த விவசாயி. காத்திருப்போர் பட்டியலில் பத்தாவது ஆள். செருப்பைக்கூட வாசலில் விடாமல் நேராக அவள் மேஜைக்கு வந்தார்.

“இன்னாம்மா, பின்னால ஒம்போது வண்டி நிக்குது, டிவில காட்றான். நா மட்டும் மூணு மாசமா அலைஞ்சிக்கினு கீறேன். எனக்கு ஒண்ணு குடுத்தா இன்னா?”

“அதெல்லாம் வேற ஆளுங்க பேருல வந்த வண்டிங்க அண்ணே. உங்க வண்டி அடுத்த லாரில வருது.”

“அடுத்த லாரி எப்போ?”

“இன்னும் ரெண்டு வாரம்.”

“ரெண்டு வாரத்துல ஆடி பொறந்துடும்! ஆடில நா வண்டிய எடுப்பனா? எம் பையன் ஆடி பொறந்ததும் துபாய் போறான். அவன் கீறப்பவே வண்டிய எடுத்துக்கினு, குடும்பத்தோட மலைக்குப் போயி பூஜை போடணும்னு கீறேன்.”

ஹரிபாபு கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “பெத்தாயனா, பெரியவரே, ஆடிதான் ஆல்ரெடி ஓடிக்கினு இருக்கே. ஆஷாடம் வந்து ஒரு வாரத்துக்கு மேல ஆச்சி.”

கோவர்த்தனன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “எவன்யா சொன்னது ஆடி ஓடுதுன்னு? இன்னும் ஆனியே முடியல. உங்க மாசம் அமாவாசைக்கு அமாவாசை. எங்க மாசம் சூரியனப் பாத்துப் பொறக்குது. உங்களுக்குக் கெட்ட மாசம் வந்துட்டா எனக்கும் வரணுமா?”

தாட்சாயணி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

இது அவளுக்குத் தெரியாத விஷயமா? பிறந்ததிலிருந்து தெரியும். வீட்டுச் சுவரில் தமிழ்க் காலண்டர், ஷோரூம் சுவரில் தெலுங்குக் காலண்டர். புத்தூரில் பஸ் ஏறும்போது ஆனி, திருப்பதியில் இறங்கும்போது ஆஷாடம். தினமும் மாதம் மாறிப் போய்வந்தவளுக்கு இரண்டையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை. ஹரிபாபுவோ, ஆடி என்பது ஆஷாடத்துக்குத் தமிழர் வைத்த பெயர் என்றே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க அண்ணே. மோர் கொண்டாரச் சொல்றேன்” என்றாள். அவளுக்குள் ஏதோ சக்கரம் சுற்ற ஆரம்பித்திருந்தது. “நீங்க எப்போ பதிவு பண்ணீங்க?”

“சித்திரை ஒண்ணாந்தேதி. நல்ல நாளுன்னு வந்தேன். அன்னிக்கி எங்க சைடு ஆளுங்கதான் இங்க க்யூவே.”

அப்படியானால் முதல் ஒன்பது பேர்? உகாதி அன்று பதிவு செய்தவர்கள். தெலுங்கு வருஷப் பிறப்பு. இந்த வருஷம் உகாதி முந்தி வந்தது, சித்திரை இரண்டு வாரம் பிந்தி வந்தது. உகாதியோடு மூன்று மாதத்தைக் கூட்டினால் வண்டி வந்து இறங்குவது சரியாக ஆஷாடத்தில். சித்திரையோடு மூன்று மாதத்தைக் கூட்டினால் சரியாக ஆடியில். நல்ல நாள் பார்த்துப் பதிவு செய்ததால்தான் இரண்டு கூட்டத்துக்கும் வண்டி கெட்ட மாதத்தில் வந்து நின்றது. தெலுங்கு வண்டி நிற்கும். அது நகர்வதற்குள் தமிழ் வண்டியும் வந்து பக்கத்தில் நிற்கும். ஜெயபிரகாஷுக்கு மொட்டை மாடியில் இரண்டு மடங்கு படம் கிடைக்கும்.

“சார்,” என்றாள் ஹரிபாபுவிடம், “இவரு வண்டியும் வரலட்சுமி டீச்சர் வண்டியும் ஒரே மாடல், ஒரே வெள்ளை. நம்பர் இன்னும் வாங்கல. ரெண்டு பேரும் ஒத்துக்கினா பேர மாத்தலாமில்ல?”

“மாத்தலாம். ஆனா டீச்சர் ஒத்துக்கணுமே.”

வரலட்சுமி சித்தூரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வரிசையில் முதல் ஆள். போனில் விஷயத்தைச் சொன்னதும், “லேதம்மா, லேது! என் வண்டிய எவனுக்கோ தாரை வார்ப்பியா? முதல்ல பதிவு பண்ணது நானு!” என்று எகிறினார். நாற்பது வருஷம் வகுப்பை அடக்கிய குரல். தாட்சாயணி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், நீங்க எப்போ எடுக்கப் போறீங்க?”

“ஆஷாடம் முடிஞ்சி ஸ்ராவணம் வந்ததும்.”

“அதுவரைக்கும் இந்த வண்டி வெயில்ல காஞ்சி, மழைல நனைஞ்சிக்கினு நிக்கும். அடுத்த லாரில இதே மாடல் புதுசா வந்து எறங்குது. ஸ்ராவணம் பொறந்த மொத நல்ல நாள்ல அத எடுத்துக்குங்க. உங்களுக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போவாது. இவரு பையன் ஊருக்குப் போறதுக்குள்ள இவருக்கும் வண்டி கெடைக்கும்.”

டீச்சரின் குரல் ஒரு படி இறங்கியது. “ஒருநாள்கூடத் தள்ளிப்போகாதா?”

“போவாது டீச்சர்.”

“அப்போ இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? எதுக்கு நியூஸ்ல போயி வண்டி நிக்குதுன்னு புலம்பின?”

தாட்சாயணி பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

மற்ற எட்டுப் பேரிடமும் இதே பேச்சு, இதே எகிறல். ஏழு பேர் ஒத்துக்கொண்டார்கள். பிச்சாட்டூர்க்காரர் ஒருவர் மட்டும், தன் வண்டியின் சேஸிஸ் நம்பரில் கடைசி எண் ராசியானது என்று அசையவில்லை. எதிர்ப்பக்கம் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் மறுபேச்சில்லாமல் சரி என்றன. மண்டல அலுவலகம், “இப்படிப் பெயர் மாற்றிப் பழக்கமில்லையே” என்று அரை நாள் இழுத்துவிட்டு இறங்கி வந்தது. வியாழன் சாயங்காலம் கோவர்த்தனன் வண்டி தேங்காய் உடைத்துக் கிளம்பியது. வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்துக்குள், இன்னும் நாலு வண்டி. அடுத்த லாரி வேலூருக்குத் திரும்பவில்லை. விஜயவாடா பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை ஜெயபிரகாஷ் மறுபடியும் மொட்டை மாடியில் ஏறியிருந்தான். பாதிக்கு மேல் காலியான யார்டைக் காட்டி, ‘ஹைப்ரிட்டுக்குத் திடீர் கிராக்கி! திருப்பதியில் முண்டியடிக்கும் மக்கள்!’ என்று போட்டான்.

தாட்சாயணி போன் செய்தாள். “டேய், கிராக்கி ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. போன வாரம் கேட்ட அதே ஆளுங்கதான்டா!”

“யக்கா, இது நல்ல நியூஸ்தானே? இதுக்கும் திட்றியே!”

அவள் போனை வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். அடுத்த வருஷமும் உகாதி வரும், சித்திரை வரும், லாரி வரும். வருகிற லாரிக்கு ஒவ்வொரு வருஷமும் இப்படித் தொண்டை கட்ட அவளால் ஆகாது. தமிழ்க் காலண்டரையும் தெலுங்குக் காலண்டரையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, அதற்குக் கீழே தாளை ஒட்டினாள். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

பதிவு செய்யும்போதே எந்த மாதம் ஆகாது என்று கேட்டுக்கொள்ளவும். ஆஷாடத்தில் வரும் வண்டியை ஆடி பிறப்பதற்குள் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுக்கவும். ஆடியில் வரும் வண்டியை ஸ்ராவணம் பிறந்ததும் தெலுங்குக் குடும்பத்துக்குக் கொடுக்கவும்.