சாவி குடுத்துடு

என் வீட்டுக்காரரிடம் ஒரு டஜன் தங்கக் கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு கல்யாணத்துக்காவது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவரில்லை. எல்லாம் எங்களைவிட வயதில் மூத்தவை. கட்டினால் கீறல் விழுமாம், ஓடவிட்டால் உள்ளே பல்சக்கரம் தேயுமாம். அதனால் அவர் கையில் கிடப்பது ஒரு பிளாஸ்டிக் கடிகாரம். ஞாயிறுதோறும் அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் பெட்டியை எடுத்துத் திறந்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். என்னை ஒருநாள் அப்படிப் பார்த்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

இதய அறுவை சிகிச்சைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனபோது முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். என் கையைப் பிடித்து ஏதோ முணுமுணுத்தார். என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "கடிகாரம்... சாவி குடுத்துடு."

தலையாட்டினேன். கதவு மூடிக்கொண்டது.

தொட்டாலே சீறுகிற மனிதர் இப்படிச் சொன்னது எனக்கே ஆச்சரியம். பிழைப்போமோ மாட்டோமோ என்ற நேரத்தில் அவை ஓடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து, பக்கத்துக் குமிழைத் திருகிச் சாவி கொடுத்தேன். ஒரு சதுரக் கடிகாரம் மட்டும் அசையவில்லை. உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் டிக் டிக் என்றது. அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் சாவி கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவேன். இவை ஓடும்வரை அவருக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. பைத்தியக்காரத்தனம்தான். சும்மா உட்கார்ந்து பயப்படுவதற்கு அது தேவலாம்.

பழைய நகை, கடிகாரம் வாங்கி விற்கிற என் கொழுந்தனார் ஒருநாள் வந்தார்.

"அண்ணி, அண்ணன் சாவி குடுக்கச் சொன்னாரா?"

"குடுத்துட்டேனே. தினமும் குடுக்கறேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் பிழைத்து வீடு வந்தார். படுக்கையில் சாய்ந்ததும் காதைத் தீட்டிக்கொண்டார்.

"என்ன சத்தம்?"

பெருமையாகப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"யாரு இதையெல்லாம் ஓடவிட்டது?"

"நீங்கதானே சாவி குடுக்கச் சொன்னீங்க?"

"அலமாரிச் சாவிய தம்பிகிட்ட குடுத்துடுன்னேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அவன் இதெல்லாம் வித்துப் பணத்த உன் பேர்ல போடுவான்னு."

சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். கோபம் முந்திக்கொண்டது.

"அப்ப திரும்பி வர்ற எண்ணமே இல்லாமத்தான் உள்ள போனீங்களா? நீங்க வருவீங்கன்னு நான் தினமும் திருகிக்கிட்டிருந்தேன். நீங்க என்னடான்னா கடையக் கட்டிட்டுக் கிளம்பியிருக்கீங்க."

 பெட்டியை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் நான் பெட்டிப் பக்கமே போகவில்லை. ஒவ்வொன்றாக நின்றுகொண்டு வந்தது. அவர் மெல்ல எழுந்து போய் அந்தச் சதுரக் கடிகாரத்தை எடுத்து, திருகப் பார்த்தார். விரலில் வலுவில்லை, நழுவியது. நான் துணி மடிப்பதுபோல் பாவனை செய்தேன்.

"நீயே குடு" என்று என்னிடம் நீட்டினார்.

கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டார். பிறகு பிளாஸ்டிக் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"கட்டிவிடு."

"கீறல் விழுமே."

"விழட்டும்" என்றார்.