சண்டே பாய்ஸுக்கு டிரம்ஸ் அடித்தவன்

சண்டே பாய்ஸின் முதல் இசைத்தட்டு உங்கள் வீட்டில் இருந்தால் உறையைத் திருப்பிப் பாருங்கள். டிரம்ஸ், ஜுன்னி பாஸ்கோ என்று போட்டிருக்கும். பச்சைப் பொய். அடித்தவன் நான், நெமெசியோ. பேஸ் கிட்டாருக்கு நேரே இருக்கும் பெயரும் பொய். அதை வாசித்தவன் என் நண்பன் எஃப்ரென், என் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன்; அந்த உறவில் ஒருவரையொருவர் 'பரே' என்று கூப்பிட்டுக்கொள்வோம். பியானோவும் கிட்டாரும் இதே கதைதான். அந்த நாலு பையன்களும் பாடினார்கள், அது மட்டும் நிஜம். மற்ற நேரமெல்லாம் ஸ்டூடியோ கேன்டீனில் உட்கார்ந்து, கறி வைத்த பன்னைத் தின்றுகொண்டு, தலைமுடியைச் சீவிக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை என்று சொல்லிக்கொள்வோம். மணிலாவில் அப்போது எங்கள் பிழைப்பே அதுதான். காலையில் ஒரு காதல் பாட்டு, மதியம் ஒரு துணி சோப்பு விளம்பரம், சாயங்காலம் ஏதோ நடிகையின் கிறிஸ்துமஸ் பாட்டு. வாயைத் திறக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. திறந்தால் மறுநாள் உன் நாற்காலியில் வேறொருவன் இருப்பான்.

தட்டு பிய்த்துக்கொண்டு விற்றது. ஆளுக்கு ஆள் ஏறி இறங்கும் ஜீப்னி வண்டி, சலூன், மீன் மார்க்கெட், எங்கே போனாலும் சண்டே பாய்ஸ்தான். அப்போதுதான் மத்தியான ரேடியோ நிகழ்ச்சி நடத்தும் பேபி ஓச்சோவா தன் வாலை ஆட்ட ஆரம்பித்தார்.

"தம்பிகளா, தட்டுல வாசிச்சது நீங்கதானா? எனக்கென்னமோ காது அரிக்குதே! நாளைக்கும் அரிக்கும்னு நினைக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் தயாரிப்பாளர் வில்லாசிஸ் எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார். கழுத்துக்குப் பின்னால் கைக்குட்டை செருகியிருக்கும் குள்ள மனிதர். கோபம் வந்தால் குரல் தணியும். அன்று காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

"நாலுல ஒண்ணு ஓட்டை வாய். எதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. இல்லேன்னா ரெண்டாவது தட்டுக்கு நாலு பேருமே வேணாம்."

என் மூன்று பெண்களும் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படிக்கிறார்கள். இந்தக் கையைத் தவிர எனக்கு வேறு சொத்து கிடையாது. பிறவியிலேயே நான் சந்தேகப் பிராணி வேறு. பால்காரனைச் சந்தேகப்படுவேன், பாதிரியாரைச் சந்தேகப்படுவேன். பியானோ கார்மேலிங் அம்மாள் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர், ஜெபத்துக்குத் தவிர வாய் திறக்க மாட்டார். கிட்டார் தீபோவுக்கு ரேடியோவே பிடிக்காது. எண்ணிப் பார்த்தால் மிச்சம் எஃப்ரென்தான். சேச்சே, அவனா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்த வாரமே அவனைப் பார்த்துத் தொலைத்தேன். நான் ஜீப்னியில் போகிறேன், அவன் ரேடியோ ஸ்டேஷன் படியில் இறங்கி வருகிறான். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. தன் கல்யாணத்துக்கே கசங்கின சட்டையில் வந்த ஆள்!

மறுநாள் ஸ்டூடியோவில் கேட்டேன்.

"என்ன பரே, நேத்து மாப்பிள்ளை மாதிரி கிளம்பி எங்க போயிருந்தே?"

அவன் காது சிவந்துபோனது. "சும்மா... ஒரு வேலையா."

"என்ன வேலை?"

"உனக்கெதுக்குடா அதெல்லாம்? போலீஸா நீ?" என்று சிரித்துவிட்டு பேஸ் கிட்டாருக்குத் தந்தி மாற்ற உட்கார்ந்தான்.

அந்தச் சிரிப்பு போதும் எனக்கு. அதற்கப்புறம் அவன் இருமினாலும் சந்தேகம், இருமாவிட்டாலும் சந்தேகம். கேன்டீன் போனில் மெதுவாகப் பேசுகிறான், நான் வந்ததும் வைத்துவிடுகிறான். இவன் வாயால் என் மூன்று பெண்களும் நடுத்தெருவில் நிற்கப் போகிறார்கள் என்று மனசு கொதித்தது. நேரே வில்லாசிஸ் அறைக்குப் போனேன்.

"சார், நான் யாரையும் சொல்லலை. எஃப்ரென் ரேடியோ ஸ்டேஷன்லேர்ந்து வர்றதைப் பார்த்தேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! எவ்வளவு யோக்கியமாகச் சொன்னேன் பாருங்கள்.

அடுத்த பதிவு நாளில் காவலாளி எஃப்ரெனை வாசலிலேயே நிறுத்திவிட்டான். தோளில் கனமான பெட்டியோடு வெயிலில் நின்றவன், உள்ளே போன என்னைக் கூப்பிட்டான். "நேமி, என்னடா நடக்குது இங்க?"

"எனக்கென்ன தெரியும் பரே, விசாரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். விசாரிக்கவில்லை.

எஃப்ரென் போன பிறகும் ஓச்சோவாவுக்குக் காது அரிப்பது நிற்கவில்லை. பாவி, வேலை போன ஆத்திரத்தில் இன்னும் அவர் காதில் ஊதுகிறான் என்று அதற்கும் அவனையே வைதேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, ஜீப்னியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரேடியோவில் துணி சோப்பு விளம்பரம் ஓடியது. அது முடிந்ததும் சண்டே பாய்ஸ். டிரைவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே வந்தான். டக் டக், ஒரு சின்ன நிறுத்தம், ச்ஷ்ப். விளம்பரத்திலும் தட்டினான், பாட்டிலும் தட்டினான்.

"கேட்டீங்களா சார்? சோப்புலயும் இதே டக் டக் ச்ஷ்ப், பாட்டுலயும் இதே டக் டக் ச்ஷ்ப். ரெண்டும் ஒரே ஆளுதான் அடிக்கிறான். அந்தச் சின்னப் பசங்களா சோப்பு விளம்பரத்துக்கு அடிக்கப் போறாங்க? செவிடனுக்கும் தெரியுமே!"

ஒப்புக்கொள்கிறேன். டிரம்மின் ஓரத்தில் இரண்டு தட்டு, ஒரு மூச்சு விட்டு, சிம்பலை அடித்த கையோடு பிடித்து அடக்குவது. பதினோரு வருஷமாக நான் வாசித்த ஒவ்வொரு பாட்டிலும் அதை ஒரு தடவையாவது செருகியிருக்கிறேன். யாரும் அதை வாசிக்கச் சொன்னதில்லை. உறையில் பேர் போடமாட்டார்கள் அல்லவா, அதனால் நானே போட்டுக்கொண்டேன். என்றைக்காவது ஒரு காது இது நேமி என்று சொல்லாதா என்ற ஆசை. சொல்லியும்விட்டது. ஓச்சோவா காதில் யாரும் வந்து ஊதவில்லை. ஓட்டை வாய் என்னுடையதுதான். அதற்கு எஃப்ரெனைக் காவு கொடுத்திருக்கிறேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. பெண்கள் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அப்படியே விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் நினைத்தேன். ஆனால் வெயிலில் பெட்டியோடு நின்ற அந்த முகம் விடவில்லை. ஸ்டூடியோவில் இறங்கியதும் எல்லார் முன்னாலும் வில்லாசிஸிடம் சொன்னேன்.

அவர் நம்பவில்லை! "கூட்டாளியைக் காப்பாத்தக் கதை விடுறியா?"

சோப்பு விளம்பரத்தையும் பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். அவர் கைக்குட்டையை உருவி நெற்றியைத் துடைத்தார்.

"எஃப்ரெனைத் திரும்பக் கூப்பிடுங்க சார். என்னை என்ன வேணா பண்ணுங்க."

அவர் கேன்டீன் பக்கம் திரும்பி, "ஜுன்னி, வாடா இங்கே. உட்கார்ந்து அடி" என்றார்.

டிவியில் வாயசைப்பது போலக் கையசைக்க வேண்டுமே, அதற்காகப் பையன் வருஷம் முழுக்க என் தட்டைப் போட்டுப் போட்டுப் பழகியிருக்கிறான். உட்கார்ந்து அடித்தான். டக் டக், மூச்சு, ச்ஷ்ப். அடப்பாவி, மூச்சு விடும் அளவு கூட என்னுடையதேதான்.

"இனிமே ஓச்சோவா நேர்லயே வந்து பார்க்கட்டும்" என்றார் வில்லாசிஸ். "சோப்பு விளம்பரத்துல அடிச்சவன் இவனைக் காப்பி அடிச்சான்னு சொல்லிக்கலாம்."

"எஃப்ரென்?"

"பேஸுக்கு வந்த புதுப் பையன் நல்லாத்தான் வாசிக்கிறான். நீ போகலாம்."

பையன் எழுந்து வந்து, "மன்னிச்சுக்கோங்கண்ணே" என்றான். அவன் மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

நேரே எஃப்ரென் வீட்டுக்கு நடந்தேன். மத்தியானம். கதவு திறந்திருந்தது. அவனும் மனைவி லூஸும் பிள்ளைகளும் மேசையில் உட்கார்ந்து சோறும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். டக் டக் ச்ஷ்ப்பைச் சொன்னேன். வில்லாசிஸிடம் அவனைக் காட்டிக்கொடுத்ததும் நான்தான் என்று சொன்னேன். அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"உனக்கு வேலை இருக்கா இப்போ?"

"போச்சு."

"எப்போ?"

"இன்னைக்குக் காலையில."

"ஓ. உன் வேலை போனதும்தான் என் ஞாபகம் வந்துச்சா?"

"இல்லடா பரே! உண்மையைச் சொன்னதாலதான் போச்சு. வேணும்னா வில்லாசிஸைக் கேட்டுப் பாரு!"

"எப்படிக் கேப்பேன்? வாசல்லயே நிறுத்திடுவானே, உனக்குத் தெரியாதா?"

சத்தியம் செய்யலாம் என்றால் என் சத்தியத்துக்கு அந்த வீட்டில் இனி என்ன மதிப்பு? அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"லூஸுக்கு நாப்பது வயசு முடிஞ்சுது. ரேடியோவுல அவ பேரைச் சொல்லி ஒரு பாட்டுப் போடுங்கன்னு கேக்கப் போனேன். இந்த வயசுல என்னடா கூத்துன்னு நீ கிண்டல் பண்ணுவேன்னுதான் மறைச்சேன். இன்னொரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடா."

லூஸ் தலை நிமிரவே இல்லை. சின்னவனுக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரில் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் ஆள் நின்றால், கடன்காரனாக இருந்தாலும், வேண்டாதவனாக இருந்தாலும், "வா, சாப்பிடு" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். அவன் உட்காரமாட்டான் என்று தெரிந்தே சொல்வார்கள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். எஃப்ரென் மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.