கீரைக்கு வந்த பின்னூட்டம்

வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பு வலைப்பூவில் ஐந்து பதிவு போடாவிட்டால் தேர்வுப் பட்டியலில் பெயர் கிடையாது என்று நமுகொண்டா டீச்சர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மாலை என் நிலவரம்: நோட்டில் எழுதி அடித்தவை பதினொன்று, வெளியிட்டது ஒன்றுகூட இல்லை.

"கசொண்டே, நோட்டை நான் ஒருத்திதான் படிக்கறேன். இதைப் போட்டா ந்டோலா ஊரே படிக்கும், போடும்மா," என்றார் டீச்சர்.

என் பயமே அதுதான். வேர்க்கடலைப் பொடி போட்டுக் கீரை சமைப்பது பற்றி எழுதியிருந்தேன். நாலு முறை சரிபார்த்தேன். ஐந்தாம் முறை பார்ப்பதற்குள் பக்கத்து நாற்காலி ப்வால்யா கையை நீட்டி, பொத்தானை அழுத்திவிட்டாள்.

செவ்வாய் வகுப்புக்கு முதல் ஆளாகப் போய்த் திறந்தேன். ஒரு பின்னூட்டம்.

"இதுவா கீரை? பொடியைக் கடைசியிலா போடுவார்கள்? குரங்கு தின்பவர்களுக்குக் கடலையின் அருமை எப்படித் தெரியும்! சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போ."

திரையை மூடிவிட்டேன். "நாளையிலேர்ந்து நான் வரல," என்றேன் ப்வால்யாவிடம்.

அவள் திறந்து படித்தாள். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "அடியே, பேரைப் பாத்தியா? கீழ பாரு, ஜேரெ!"

பெயரை நான் பார்க்கவே இல்லை. ஜேரெ என்றால் ங்கோனி இனத்துக்காரர். பெம்பா இனத்தவளான எனக்குக் கேலி முறைக்காரர். குரங்கு தின்பவர்கள் என்று அவர்கள் எங்களைச் சொல்வார்கள், எலி தின்பவர்கள் என்று நாங்கள் அவர்களைச் சொல்வோம். சாவு வீட்டில்கூட நாங்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளலாம், கோபப்படுவதுதான் தப்பு. சந்தையில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் மூச்சு விடுவதற்குள் பதில் கொடுத்திருப்பேன். திரையில் படித்ததும் நிஜமாகவே திட்டு என்று நினைத்துவிட்டேன்.

"முறைக்காரரு நேத்துலேர்ந்து பதிலுக்குக் காத்திருக்காரு. நீ மூக்கைச் சிந்திட்டு உக்காந்திருக்க!"

"எலி சுட்டுத் தின்பவர் என் சட்டியைப் பற்றிப் பேசலாமா? பொடியை முதலிலேயே போட்டால் அடிபிடிக்கும், மச்சான்," என்று எழுதி வெளியிட்டேன். நோட்டை எடுக்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அவருக்குத் துணையாகப் பின்னூட்டத்தில் இன்னொரு ங்கோனி வந்தார். கசாமாவிலிருந்து ஒரு பெம்பா அம்மா வந்து அந்த இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அடிபிடிக்காமல் கிண்டுவதை விளக்க இரண்டாவது பதிவு தேவைப்பட்டது. வியாழனுக்குள் நாலாகிவிட்டது.

"பதினோரு வாரமா கெஞ்சினேன். ஒரு ஜேரெ ஒரே திட்டுல முடிச்சிட்டாரே," என்றார் டீச்சர்.

வெள்ளிக்கிழமை ஐந்தாவது, காய்ந்த பூசணி இலைக் குழம்பு. டீச்சர் என் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜேரெ வந்துவிட்டார்.

"உப்பு எங்கே, குரங்குப் பெண்ணே?"

மேலிருந்து கீழே தேடினேன். எங்கும் இல்லை. கை அழிக்கும் பொத்தானுக்குப் போனது, வழக்கம்போல.

"அழிச்சுடப் போறியா?" என்றாள் ப்வால்யா.

இல்லை. பதிவில் ஒரு தேக்கரண்டி உப்பைச் சேர்த்தேன். கீழே எழுதினேன்: "உங்களுக்காகத்தான் விட்டுவைத்தேன், மச்சான். தொட்டுக்கொள்ளும் எலியில் உப்பு இருக்குமே."